கண்ட்ரோல் தீயும் ஒரு தீப்பெட்டிச் சாம்பலும்

முப்பது வருடத்துக்கு மேல் தீயை அணைப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். இரண்டே இரண்டு முறை தீ வைப்பதற்கும் சம்பளம் வாங்கினேன். அணைத்த தீயெல்லாம் எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. வைத்த தீ மட்டும் நேற்று வைத்தது மாதிரி கண்ணுக்குள் எரிகிறது.

போன மாதம் வனத்துறையில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கழுவெளி ஏரியில் கோரை அறுக்க மெஷின் வரப்போகிறதாம். "சார், அந்தக் காலத்துல நீங்க ஏரியையே கொளுத்தினீங்களாமே, எப்படி சார்?" என்றார் ஒருவர். 'அந்தக் காலம்' என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. 2005 எல்லாம் அந்தக் காலமா? நான் இன்னும் அந்த வருடம் தைத்த காக்கி பேண்டைத்தான் தோட்டத்தில் வேலை செய்யும்போது போட்டுக்கொள்கிறேன். இடுப்பு மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. அவர்களுக்கு டீ கொடுத்துச் சொன்னதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் சல்யூட் அடிக்கவும், மரத்தின் சுற்றளவு எடுக்கவும், ரிப்போர்ட் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். தீயைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு. "தீ கெட்டது, கண்டால் அணை" என்பதுதான் அதன் சாரம். நானும் அப்படியே நம்பி, செஞ்சி மலைப் பக்கம் பத்து வருடம் பச்சைக் கிளையால் தீயை அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்று, மரக்காணத்துக்கு ஃபாரஸ்ட் கார்டாக மாற்றலாகி வந்தேன். கடலோரம், உப்பளம், ஏரி. இங்கே தீ எங்கிருந்து வரப்போகிறது, இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன்.

கழுவெளி அப்போது ஏரி மாதிரியே இல்லை. ஆளுயரத்துக்கு மேலே சம்பங்கோரை மண்டி, கரையில் நின்று பார்த்தால் கரும்புத் தோட்டம் போலத் தெரியும். மழைக்குத் தண்ணீர் வரும், ஆனால் தண்ணீர் வெளியே தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் எங்கெங்கிருந்தோ பறந்து வரும் வாத்தும் உள்ளானும் மேலே இரண்டு வட்டம் அடிக்கும், இறங்க இடமில்லாமல் போய்விடும். 2004 மழைக்காலத்தில் பறவைக் கணக்கெடுக்க என்னை அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்று நாலு கொக்கு, ஒரு மீன்கொத்தி எழுதிக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

அந்த மார்கழியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. அது உப்பளத்தையும் விடவில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும். பாத்திகளில் எல்லாம் கறுப்புச் சேறு முழங்கால் ஆழத்துக்கு நின்றது.

கோடையில் எங்களுக்குப் புது ரேஞ்சர் வந்தார். சந்தானம் என்று பெயர், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மலைக்காட்டிலேயே இருபது வருடம் வேலை பார்த்தவர். அதிகாரி என்றால் அதட்டுவார் என்றுதானே பழக்கம்? இவர் தெரு நாயைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்பார். உட்கார மாட்டார். நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே பென்சிலால் குறிப்பு எழுதுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பாக்கெட் ஊதுபத்தி இருக்கும். ரொம்ப பக்திமான் போல என்று நினைத்தேன். முதல் நாள் ஏரிக்கரையில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி நீட்டிப் பிடித்தபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.

"ஏனுங்க ஏழுமலை, சாமி எங்கீங்க?" என்றார்.

"நீங்கதான சார் பத்தி காட்றீங்க!"

"காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறனுங்க."

அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார், இந்த ஏரியின் ஒரு பகுதியைக் கொளுத்தப் போகிறோம் என்று. தீயை அணைக்கிறவனிடம் வந்து கொளுத்து என்றால்? அவர் பொறுமையாக விளக்கினார். காய்ந்த கோரையை மழைக்கு முன்னால் எரித்துவிட்டால், மழைத் தண்ணீர் அந்த இடத்தில் வெட்டவெளியாக நிற்கும். பறவை இறங்கும். வேர் சாகாது, மறுபடி முளைக்கும், ஆனால் அதற்குள் ஒரு பருவம் பறவைக்குக் கிடைத்துவிடும். முழு ஏரியையும் தொடக்கூடாது. ஒரு கட்டம் மட்டும். சுற்றிலும் கோரையை அறுத்து வெறும் தரையாக ஒரு பாதை விடவேண்டும், அதற்குக் கோடு என்று பேர், தீ அதைத் தாண்டக்கூடாது.

கொளுத்துவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அவர் எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். கரைமேல் ஒரு கட்டு கோரையைக் கொளுத்தி, "சாம்பல் பறக்குது பாருங்க, அது பின்னாலயே ஓடுங்க. எங்க விழுதோ அங்க ஒரு குச்சி நடுங்க" என்றார். காக்கிச் சட்டை போட்ட ஆள் சாம்பலைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து மாடு மேய்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். கோரைச் சாம்பல் கன்னங்கரேல் என்று இருக்கும். நூல் நூலாகச் சுருண்டிருக்கும், விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டிக்கொள்ளும், மூன்று நாளைக்குப் போகாது. விறகுச் சாம்பல் அப்படியில்லை. வெளுப்பாக, மாவாக இருக்கும், ஊதினால் போய்விடும். என் கையில் ஒட்டிய மையைப் பார்த்து வீட்டுக்காரி, "ஏரியில வேலையா, ஓட்டுப் போட்டுட்டு வர்றியா?" என்றாள்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்றார் ரேஞ்சர். "நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்று என்னிடம் விட்டார். 'ஏரிக்குத் தீ வைக்கப் போகிறோம்' என்று எழுதினால் ஊர் பதறாதா? ஆகவே நான் புத்திசாலித்தனமாக அந்த இடத்தில் மட்டும் இங்கிலீஷ் வார்த்தை போட்டு எழுதினேன். "வரும் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை அருகில் கண்ட்ரோல் பர்னிங் நடைபெறும். பொதுமக்கள் ஒத்துழைக்கவும்." கூனிமேட்டு மைக் செட்காரர் ஜாபர் பாய் ஆட்டோவில் குழாய் கட்டி, உப்பளத் தெருவெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கம் ரேஷன் கடைக்குப் பழைய பேர் கண்ட்ரோல் கடை. கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் மண்ணெண்ணெய். இது எனக்குத் தெரியாததா? அந்தக் கடை வாசலில் வரிசையில் நின்றே வளர்ந்தவன் நான். எழுதும்போது மட்டும் புத்தி எங்கேயோ மேயப் போய்விட்டது. அதுவும் அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம்! கடல் வந்து போன பிறகு வாரத்துக்கு ஒரு லாரி வரும், பாய் கொடுப்பார்கள், பாத்திரம் கொடுப்பார்கள், ஸ்டவ் கொடுப்பார்கள். மைக்கில் 'கண்ட்ரோல்' என்றும் 'பர்னிங்' என்றும் கேட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

வியாழக்கிழமை காலை ஜீப்பில் போய் இறங்கினால், ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். அத்தனை பேர் கையிலும் மண்ணெண்ணெய் கேன். மஞ்சள் கேன், வெள்ளைக் கேன், மூடி தொலைந்து துணி அடைத்த கேன். இடுப்பில் ரேஷன் கார்டு. வரிசைகூட போட்டுவிட்டார்கள்.

முதலில் நின்றவர் அஞ்சலை. கழுவெளிக்குக் கிழக்கே, கால்வாய் தாண்டி இருக்கும் பாத்திகளில் ஒன்றை எட்டுப் பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த எட்டுப் பேருக்கும் இவர்தான் தலைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்கு வாய் திறக்க இடமிருக்காது.

"இன்னா கார்டு தம்பி, ஸ்டவ்வும் சேத்துக் குடுக்குறீங்களா, எண்ணெய் மட்டும்தானா?" என்றார்.

"எந்த ஸ்டவ்வு?"

"கண்ட்ரோல்ல பர்னரு குடுக்குறாங்கன்னு மைக்ல சொன்னாங்களே!"

நான் திரும்பி ஜாபர் பாயைப் பார்த்தேன். அவர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டே, "அல்லா சத்தியமா நீங்க எழுதினதத்தான் படிச்சேன்!" என்றார்.

எண்ணெயும் இல்லை, ஸ்டவ்வும் இல்லை என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். தீப்பந்தத்துக்காக நாங்கள் கொண்டு வந்திருந்த கேன் அங்கே இருந்தது. "இதோ வெச்சிக்கினு இல்லைன்றான்டி!" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் ஜீப்பைச் சுற்றி ஐம்பது கேன். நான் எங்கள் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் சர்வீஸில் யானையைக்கூடப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் பயந்ததுபோலப் பயந்ததில்லை.

ரேஞ்சர் மட்டும் பதறவில்லை. வரிசைக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். "தப்பு எங்களுதுங்க அம்மணி. எண்ணெய் குடுக்கறதுக்கு இல்லைங்க. ஏரியில கோரையக் கொளுத்தப் போறமுங்க. அதச் சொல்லறதுக்குத்தான் மைக் வெச்சோம்" என்றார்.

'அம்மணி' என்ற சொல்லைக் கேட்டதும் பின்னால் இருந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. அவர் முகம் மாறிப்போனது.

"கொளுத்தப் போறீங்களா? இப்பவா? காலங்காத்தாலயா?"

"ஆமாங்க. காலையிலதான் காத்து அடங்கி இருக்கும்."

"யாரு சார் உங்களுக்குச் சொன்னது? உங்க மலையில அடங்கி இருக்கும். இங்க விடியக்காலத்துலேர்ந்து மேகாத்து, மேற்காலேர்ந்து அடிக்குது. ஏரியிலேர்ந்து எங்க பாத்திக்குத்தான் நேரா வருது. நீங்க கொளுத்தினா சாம்பல் பூரா எங்க உப்பு மேல!" அவர் கை நீட்டிய பக்கம் பார்த்தோம். கால்வாய்க்கு அப்பால் ஒரே ஒரு குவியல், வெள்ளை வெளேரென்று. "பொங்கல்லேர்ந்து ஆடி வரிக்கும் எட்டுப் பேரும் கூடை கூடையா சேறு வாரினோம் சார். இடுப்பு ஒடிஞ்சிச்சு. இந்த வருஷத்துக்கே அந்த ஒரு அம்பாரம்தான். அதுல கறுப்பு விழுந்தா யாவாரி திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். அப்புறம் நாங்க இன்னா செய்யறது?"

சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. சத்தமாகப் பேசுகிறவர்கள் குரல் உடைந்தால் கேட்கிறவனுக்குத் தாங்காது.

ரேஞ்சர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார். புகை சாய்ந்து, அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்துத்தான் போனது. என்னுடைய மடத்தனமான மைக் அறிவிப்பு மட்டும் இல்லாமல் இருந்தால், அந்த நேரத்துக்கு நாங்கள் கொளுத்தியே இருப்போம்.

"அப்ப எப்பக் கொளுத்தலாமுங்க அம்மணி?" என்று கேட்டார். ஒரு ரேஞ்சர் உப்பளத்துப் பெண்ணிடம் இதைக் கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். மத்தியானம் கடல்காற்று எடுக்கும், அப்போது புகை ஏரியைத் தாண்டி மேற்கே காட்டுப் பக்கம் போய்விடும். ஆனால் காற்று எடுத்ததா, நின்று அடிக்குமா என்பதைப் பாத்தியில்தான் பார்க்கவேண்டும். வெயில் ஏறினால் பாத்தித் தண்ணீர்மேல், காய்ச்சின பாலில் படிவதுபோல, மெல்லிசாக உப்பு ஆடை மிதக்கும். காற்று அதைத் தள்ளும். ஆடை முழுக்க மேற்கு வரப்பில் ஒதுங்கிவிட்டால் கடல்காற்று நிலையாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ரேஞ்சர் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "ஒரு துணுக்குச் சாம்பல் உங்க உப்புல விழாதுங்க. விழுந்துச்சுன்னா, நானே வந்து உங்க பாத்தியில ஒரு நாள் மண்ணு மிதிக்கறேன்" என்றார்.

மண் மிதிப்பது என்றால் சும்மா இல்லை. மழை ஓய்ந்ததும், உப்பு விளைவிப்பதற்கு முன்னால், பாத்தித் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். உப்புச் சேறு காலைப் பிளந்துவிடும். பழகின பெண்களே சாயங்காலம் நொண்டிக்கொண்டு போவார்கள்.

"ஆபீசரு மிதிப்பாராம்டி!" என்று கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்த முறை அஞ்சலையும் சிரித்தார். "எழுதிக்கோங்க சார் அதையும்" என்றார்.

கிளம்பும்போது ரேஞ்சர் திரும்பினார். "அடுத்த வாரம் கொளுத்தும்போது இந்தக் கேனெல்லாம் கொண்டு வாங்க. சுத்தி அறுத்த கோட்ட நனைக்கறதுக்குத் தண்ணி வேணும்."

"மண்ணெண்ணெய் கேன்லயா சார்?" என்று நான் அலறினேன்.

"பயப்படாத கார்டு தம்பி. அதுல எண்ணெய் பாத்து ரெண்டு மாசமாகுது" என்றார் அஞ்சலை.

அடுத்த புதன்கிழமை. காலையில் ஒரு நீளக் கயிற்றின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, கோரைமேல் இழுத்தபடியே கட்டம் முழுக்க நடந்தோம். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை இருந்தால் எழும்பிவிடும். தென்கோடியில் ஒரு நீலத் தாழைக்கோழி படபடவென்று எழும்பியது. பார்த்தால் ஐந்து முட்டை. ரேஞ்சர் அருவாளை வாங்கி, அந்த மூலையைக் கட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துக் கோடு போட்டார். இரண்டு மணி நேர வேலை. வடக்குப் பக்கம் ஈரமாக இருந்த இடத்தில் ஆளை நிறுத்தவே இல்லை. பாம்பும் கீரியும் முயலும் போவதற்கு அந்த வழி.

பதினோரு மணிக்கு எல்லாம் தயார். காத்திருந்தோம். அஞ்சலை தன் பாத்தி வரப்பில் நின்றார். ஆடை மேற்கே ஒதுங்கியதும், உப்பு வாரும் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. மற்ற ஏழு பேரும் இன்னும் பத்து இருபது பெண்களும் கிழக்குக் கோட்டில், கால்வாய்த் தண்ணீர் நிரப்பிய கேன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரே அரட்டை. நான் மட்டும் பத்து தடவை ஒன்றுக்குப் போனேன். "தீக்குத்தான் அவசரம், நமக்கு என்னங்க அவசரம்?" என்றார் ரேஞ்சர்.

மணி பன்னிரண்டரை இருக்கும். பலகை மேலே எழுந்தது.

மேற்கு ஓரத்தில் என்னைத் தீ வைக்கச் சொன்னார். காற்றுக்கு எதிராக வைத்தால் தீ ஓடாது, தவழும். முதலில் மேற்கே அகலமாக எரிந்து ஒரு கரிப்பட்டை விழவேண்டும், அதன் பிறகுதான் கிழக்கே வைக்கவேண்டும், அப்போது தீ காற்றோடு ஓடிப்போய் அந்தப் பட்டையில் முட்டி அடங்கிவிடும். பந்தத்தை நீட்டினேன். சடசடவென்று பிடித்தது. இத்தனை வருடம் அடித்தே பழகிய கை அல்லவா, இடது கையில் இருந்த புங்கங்கிளை தானாக எழுந்து அந்தத் தீயை இரண்டு அடி அடித்துவிட்டது! "ஏழுமலை, அடிக்காதீங்க, வைங்க!" என்றார் ரேஞ்சர் சிரித்துக்கொண்டே.

இரண்டு மணி நேரம் அழகாக எரிந்தது. புகை சுவர் மாதிரி எழும்பி மேற்கே சாய்ந்து போனது. வானத்தில் நூற்றுக்கணக்கில் கரிச்சானும் தட்டானும். எழும்புகிற பூச்சிக்காகக் கரிச்சான்கள் புகைக்குள்ளேயே பாய்ந்து பாய்ந்து பிடித்தன. நாங்கள் கட்டத்துக்குக் கிழக்கே, கோட்டுக்கு வெளியே கரையில் நின்றுகொண்டிருந்தோம். மேற்கே தூரத்தில் ஒரு மேகம் கறுத்திருந்ததைப் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திடீரென்று பாத்திப் பக்கம் கூச்சல். அஞ்சலை பலகையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். பிறகு பலகையைப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பிலேயே ஓடி வந்தார். கால்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஏறினார்.

"ஆடை விட்டுடுச்சு சார்! மேற்கு வரப்ப விட்டுட்டு நட்ட நடுவுல நிக்குது! கடல்காத்து செத்துடுச்சு. மேகாத்து வரப்போவுது!"

ரேஞ்சர் கையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதன் புகை இன்னும் மேற்கேதான் சாய்ந்தது. நானும் பார்த்தேன். "இல்லக்கா, கடல்காத்துதான் அடிக்குது, இதோ பாருங்க" என்று காட்டினேன்.

ரேஞ்சர் ஊதுபத்தியைப் பார்த்தார். தீயைப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். பிறகு ஊதுபத்தியைக் காலில் போட்டு மிதித்தார். "இது பொய் சொல்லுதுங்க. தீ தன் பக்கமாக் காத்த இழுக்குது, அதத்தான் இது காட்டுது. அம்மணி சொல்லறதுதான் நெசம். ஏழுமலை, கிழக்கால வைங்க. இப்பவே!"

எனக்குப் புரிந்தது. மேற்குக் காற்று எடுத்துவிட்டால், தவழ்ந்துகொண்டிருக்கும் தீ எழுந்து கிழக்கே ஓட ஆரம்பித்துவிடும். கோடு, கால்வாய், அப்புறம் அந்த வெள்ளைக் குவியல். அதற்கு முன்னால் கிழக்கு ஓரத்தில் நாமே வைத்துவிட்டால், பெரிய தீ இழுக்கிற காற்று இந்தச் சின்னத் தீயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டும் நடுவில் சந்தித்து, தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துவிடும். ஆனால் அந்த இழுப்பு இருக்கிற சில நிமிடத்துக்குள் வைத்தாகவேண்டும்.

ஓடினேன். பந்தத்தைக் கோரையில் இழுத்துக்கொண்டே, கிழக்கு ஓரம் முழுக்க ஓடினேன். பின்னால் ரேஞ்சர் இன்னொரு பந்தத்தோடு எதிர்த் திசையில் ஓடினார். "ஊத்துங்கடி!" என்று அஞ்சலை ஒரு சத்தம் போட்டார். அரட்டையடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். கேன் கேனாகக் கோட்டில் தண்ணீர் விழுந்தது. காலியான கேன் கால்வாய்க்குப் போகும், நிறைந்த கேன் கைமாறி வரும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துப் பழகிய கைகள், ஒன்றோடொன்று முட்டவே இல்லை. தாண்டி வந்த பொறியை ஒரு அம்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பியே அணைத்தார். சத்தியமாகப் பார்த்தேன்.

நாங்கள் வைத்த தீ ஒரு கணம் தயங்கியது. பிறகு உள்ளே சாய்ந்து, ஓட ஆரம்பித்தது. இரண்டு தீயும் நடுவில் முட்டியபோது எழுந்த சத்தம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம். அவ்வளவுதான். அப்படியே அமர்ந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் மேற்குக் காற்று வந்தது. முகத்தில் அறைந்தது. என் தொப்பி கால்வாய்க்குப் பறந்தது. ஆனால் அந்தக் காற்றுக்கு எரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பெண்கள் எல்லாரும் பாத்திக்கு ஓடிக் குவியலைக் கீற்றால் மூடுவதற்கும், மேகம் நாலு தூறல் போட்டுச் சாம்பலை அமுக்குவதற்கும் சரியாக இருந்தது. நான் கரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. ரேஞ்சர் அந்த ஒரு நாள் மட்டும்தான் உட்கார்ந்தார்.

நாலு நாள் கழித்து அஞ்சலை ஆபீசுக்கு வந்தார். மேஜைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தார். "ஒண்ணு விழுந்துடுச்சு சார். அம்பாரத்து மேலேர்ந்து எடுத்தேன்."

ரேஞ்சர் திறந்தார். உள்ளே கொஞ்சம் சாம்பல். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். முகர்ந்தார். விரலை ஊதினார். பெட்டியை மூடி டிராயரில் வைத்துவிட்டு, "எப்பங்க வரணும், அம்மணி?" என்றார்.

"மாசியில சொல்லி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த ஐப்பசி மழையில் எரிந்த கட்டத்தில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. முதலில் நாமக்கோழி வந்தது. பிறகு வாத்து. கார்த்திகையில் ஒரு நாள் காலை கரைக்குப் போனேன், கூழைக்கடா வரிசையாகப் படகு மாதிரி போய்க்கொண்டிருந்தது. நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கரையிலேயே கொஞ்சம் ஆடினேன்.

2006 மாசியில் ஆள் வந்தது. ரேஞ்சர் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். ஊரே வரப்பில் நின்றது. ஜாபர் பாய் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே, "இன்று ரேஞ்சர் அவர்கள் கண்ட்ரோலாக மிதிக்கிறார்கள்" என்று அறிவித்தார். எட்டுப் பெண்கள் கைகோத்து வரிசையாக மிதிக்க, நடுவில் அவர். அஞ்சலை பாட்டுக் கட்டிப் பாடினார், ஒவ்வொரு அடி முடிவிலும் 'அம்மணி' என்று. மத்தியானம் ஏரிப் பக்கமிருந்து பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பி, சிவந்த இறக்கையை விரித்துப் பாத்திகள்மேல் தாழ்ந்து போனது. எல்லாரும் மிதிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். சாயங்காலம் ரேஞ்சரை நான்தான் தாங்கிப் பிடித்து ஜீப்பில் ஏற்றினேன். அந்த ஆவணியில் இரண்டாவது கட்டம் கொளுத்தினோம். யாருக்கும் மைக் வைத்துச் சொல்லவில்லை. எழுபது கேன் வந்தது.

போன வருடம் எனக்குப் பணி ஓய்வு விழா. அஞ்சலை ஒரு பை உப்போடு வந்திருந்தார். இப்போது ஊரில் அவரை யாரும் அஞ்சலை என்று கூப்பிடுவதில்லை, அம்மணி என்றுதான். எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கார்டு தம்பி, ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லாத. அன்னிக்கு தீப்பெட்டியில கொண்டாந்தேன் பாரு, அது ஏரிச் சாம்பல் இல்ல. எங்க ஊட்டு அடுப்புச் சாம்பல். ஆபீசரு மண்ணு மிதிக்கிறத பாக்கணும்னு எங்க எட்டுப் பேருக்கும் ஒரே ஆசை. அவரு சொன்ன மாரியே ஒரு துணுக்குகூட விழல. பாவம், கால் வெடிச்சு நடக்க முடியாம போனாரு. இருவது வருஷமா உறுத்துது."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, அன்னிக்கே அவருக்குத் தெரியும். கோரைச் சாம்பல்னா விரல்ல மை மாதிரி ஒட்டும். அவரு ஊதினாரு, போயிடுச்சு. நீங்க போனதும் நான் கேட்டேன், 'சார், இது விறகுச் சாம்பலாச்சே'ன்னு. 'தெரியுமுங்க ஏழுமலை. அவங்க ஆடையப் பாத்துச் சொல்லாட்டி அம்பாரமே கறுத்திருக்கும். ஒரு நாள் மிதிச்சா கொறஞ்சா போயிருவேன்?'னு சொன்னாரு."

அந்த அம்மா மேஜைமேல் இருந்த என் போனை எடுத்து என் கையில் திணித்தார். "அவருக்குப் போனப் போடு" என்றார்.

கோபியில் ரேஞ்சரே எடுத்தார். "சார், நான் அம்மணி பேசறேன். மரக்காணம். அன்னிக்கு உங்க சாம்பல் ஒரு துணுக்குகூட விழல சார். பொய் சொல்லிட்டேன். நீங்கதான் ஜெயிச்சீங்க. தோத்தவ நான், இப்ப நான் இன்னா செய்யணும் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் அந்தப் பழைய குரல், கொஞ்சம் நடுங்கினாலும் அதே நிதானத்தோடு வந்தது. "அப்படிங்களா அம்மணி? இங்க எங்க மஞ்சக் காட்டுல தையில அறுவடைங்க. ஒரு நாள் ஆள் பத்தாம இருக்குது."

அஞ்சலை போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"கார்டு தம்பி, கோபிக்கு எங்க பஸ் ஏறணும்? எட்டு டிக்கெட்டு."